கரண்டி கைமாறும் நேரம்

கட்டிக்கொண்டிருந்த மாடிக்குக் கீழே ஜீப் சத்தம் கேட்டதும் மாதப்பன் வழக்கம்போல மனைவியின் கையிலிருந்த கொத்துக் கரண்டியை வாங்கிக்கொண்டான். பச்சியம்மா கலவைச் சட்டியைத் தலைக்கு ஏற்றினாள். நாலு வருஷமாக இப்படித்தான். ஆள் இல்லாதபோது அவளும் கொத்தனார். யாராவது வந்தால் பாதிக் கூலிச் சித்தாள். பொம்பளை கட்டிய சுவர் என்று தெரிந்தால் மேஸ்திரி இடிக்கச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

வந்தது புதிதாகச் சேர்ந்த இன்ஜினியரம்மா. சுவர் நேராக இருக்கிறதா என்று தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். குண்டு சுவரை உரசியும் உரசாமலும் நின்றது; இம்மி பிசகவில்லை.

"யாரு கட்டினது?"

"நான்தாங்கம்மா." மாதப்பனின் நாக்கு பழக்கத்தில் முந்திக்கொண்டது.

"ஒரு பொம்பளை கட்டுறாங்கன்னு கேள்விப்பட்டேனே. அவங்களுக்கும் கொத்தனார் கூலியே போடணும்னு பேசி வச்சிருக்கேன். இங்க அப்படி யாரும் இல்லையா?"

பச்சியம்மா சட்டியோடு நின்று தன் வாயையே பார்ப்பது மாதப்பனுக்குத் தெரிந்தது. கரண்டியில் ஒட்டியிருந்த கலவையை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். இன்ஜினியரம்மா படியிறங்கிப் போனார். ஜீப் கிளம்பும்வரைகூட நேரம் இருந்தது. மேலேயிருந்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும்.

ஜீப் தெருமுனை திரும்பியதும் கரண்டியை நீட்டினான். "இந்தா, விட்ட வரியிலேருந்து புடி."

அவள் வாங்கவில்லை. சட்டியை அவன் காலடியில் இறக்கினாள். தலையிலிருந்த சும்மாட்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் இறுக்கிச் சுற்றினாள்.

"கல்லு எத்தனை வேணும், கொத்தனாரே?"