மூ-12க்குப் பொன்னாடை

மாசிலாமணியின் மூக்குக்குள் ஒரு கிருமி பெயரில்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. அவரை இருமவைத்து, இரைக்கவைத்துப் பாடுபட்டதெல்லாம் அதுதான். பெயர் மட்டும் பக்கத்தில் குடியிருந்த ஜலதோஷக் கிருமிக்குப் போயிற்று.

"உழைப்பு என்னுது, பேரு உன்னுதா?" என்று அது தினமும் கொடி பிடித்தது.

"பேரு இல்லாததாலதான் தம்பி, நீ பிழைச்சுக் கிடக்கே," என்றது ஜலதோஷம்.

"துரோகி!"

ஒருநாள் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "இது புதுக் கிருமி. மூ-12 என்று பெயர் வைத்திருக்கிறார்கள்," என்றார்.

கிருமிக்குத் தலைகால் புரியவில்லை. நன்றியுரை ஆற்ற மூக்கின் வாசலுக்கே வந்து, "தோழர்களே!" என்று முழங்கியது. மூக்கு அரித்தது. மாசிலாமணி சட்டைப்பைக்குள் கையை விட்டார். கரை போட்ட வெள்ளைத் துணி ஒன்று விரிந்து வந்தது.

"பாத்தியா, எனக்குப் பொன்னாடை!"

"அட மடையா, அது கைக்குட்டை! உள்ளே வா!"

"உனக்கு வயிற்றெரிச்சல்," என்று சொல்லிவிட்டு மூ-12 பணிவாகக் கழுத்தை நீட்டியது.

மாசிலாமணி பலமாகச் சிந்தினார். கைக்குட்டை நேரே கொதிக்கும் வெந்நீருக்குப் போயிற்று.

மூக்குக்குள் ஜலதோஷம் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியது. பிறகு தன் வேலையைப் பார்த்தது. மாசிலாமணி வீடே அதிரத் தும்மினார்.

"பாழாப்போன மூ-12!" என்று திட்டினாள் அவர் மனைவி.

ஜலதோஷம் மூச்சு விடவில்லை.