குறித்தகடு

பட்டாளத்துப் பழைய துப்பாக்கி அது. குழல் தாங்காது என்று எட்வின் ஐயா தோட்டாவில் மருந்தைக் குறைத்தார். குண்டு தாழ்ந்து போகுமே என்று குழல்மேல் துளைவழி குறிபார்க்கும் குறித்தகட்டை ஏற்றி வைத்தார். சுடுபலகையில் தாள் ஒட்டிவிட்டு வந்து நான் அவர் பக்கத்தில் நின்றேன்.

"ஏல சொரிமுத்து, பலகைய விட்டு விலகுல" என்றார், தகட்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

"இங்கனதான ஐயா நிக்கேன்."

"அப்ப ஒஞ்சட்டையப் போட்டுக்கிட்டு அங்க நிக்கது யாரு, ஒங்கப்பனா?"

வெறும் கண்ணுக்குப் பலகை மட்டும்தான் தெரிந்தது. அவர் வேறு தோட்டாவில் மருந்தை இன்னும் குறைத்து, தகட்டை மேலும் ஏற்றினார்.

"கிட்ட வந்துட்டாம்ல."

மறுபடி ஏற்றினார்.

"ஒம்மூஞ்சிதாம்ல" என்றவரின் விரல் விசைக்குப் போனது.

"சுட்டுராதீய ஐயா!" என்று கத்தினேன்.

என் குரல் குழலுக்கு முன்னாலிருந்து வந்தது.