எழுவாய் எங்கே?

படப் புத்தகம் மேசையில் வந்து விழுந்த வேகத்தில் டீச்சரின் டீ டம்ளர் ஆடியது. எறிந்தவரின் வலது கை விரல் முட்டிகளில் தோல் உரிந்து, ரத்தம் கருத்துப்போயிருந்தது.

“இலக்கணம் சொல்லிக் குடுங்கன்னு அனுப்பினா, எம் பொண்ணை வச்சே எனக்கு எதிரா சாட்சி தயார் பண்ணியிருக்கீங்க! இது பள்ளிக்கூடமா, இல்ல வேற ஏதாவதா?”

டீச்சர் எழுந்திருக்கவில்லை. “குரலைத் தாழ்த்திப் பேசுங்க. பக்கத்து ரூம்ல வகுப்பு நடக்குது.”

ஆசிரியர் அறை ஜன்னலோரமாகப் பெண் இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எதிர் பெஞ்சில் புத்தகத்தை எறிந்தவரின் மகள், இரண்டாம் வகுப்புச் சிறுமி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்து அவள் தோளில் கை போட்டிருந்தாள் சித்தி.

“முதல்லேர்ந்து சொல்லுங்க டீச்சர்,” என்றார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் புத்தகத்தைப் பிரித்தார். ஓர் எழுத்துகூட இல்லை. பக்கம் முழுக்கப் படம்.

“எழுவாய், பயனிலைன்னு ஆரம்பிச்சா சின்னப் பிள்ளைங்களுக்குத் தூக்கம் வந்துடும் மேடம். அதனால படத்தைக் காட்டி, யாரு, எதை, என்ன செஞ்சாங்கன்னு கேப்பேன். ‘தாத்தா மீன் புடிச்சாரு, பாட்டி கூடையைத் தூக்கினாங்க’ன்னு முதல் ஆளா எந்திரிச்சுச் சொல்றது இவதான். ரொம்பக் கெட்டிக்காரி.”

“அவ கெட்டிக்காரின்னு சொல்லவா என்னை வேலையிலேர்ந்து இழுத்துட்டு வந்தீங்க?” என்று சீறினார் அப்பா.

டீச்சர் அவரைப் பார்க்காமலே பக்கத்தைத் திருப்பினார். ஓர் ஆடு, குளக்கரையில் நின்ற கரடியைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது.

“நேத்து இந்தப் படம். வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. இவ மட்டும் சிரிக்கல. ‘எங்கம்மாவையும் மாடிப்படியில இப்படித்தான் தள்ளினாங்க’ன்னா. யாருன்னு கேட்டேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டா. எழுவாய் இல்லாம இவ சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.”

சிறுமியின் அம்மா தலையில் அடிபட்டு, நினைவு திரும்பாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கழுவிவிட்ட படியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றுதான் அதுவரை எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

“நான் அப்ப வீட்டுலயே இல்லைங்க!”

“பட்டறையிலயும் இல்லையே. சீக்கிரமே கிளம்பிட்டாருன்னு உங்க முதலாளி சொல்றாரு,” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கடைக்குப் போனேன்.”

“எந்தக் கடை?”

“போனா... பூட்டியிருந்துச்சு.”

“அந்தக் கை?”

“லேத் மிஷின்ல பட்டது மேடம். தினம் படுறதுதான்.”

“எல்லாத்துக்கும் ஒரு பதில் தயாரா இருக்கு,” என்றாள் சித்தி. “உங்களை மாமான்னு கூப்பிடவே வாய் கூசுது. எங்கக்காகிட்ட நீங்க போடாத சண்டையா? தெருவே நின்னு வேடிக்கை பார்த்துச்சே!”

“சண்டையே நீ வந்து உக்காந்தப்புறம்தான்டி! ஒத்தாசைக்கு வந்தவ, ஒத்தாசையோட நிறுத்தியிருக்கணும்!”

“பாத்தீங்களா மேடம்? உங்க முன்னாடியே இந்தப் பேச்சு பேசுறாரு.”

அப்பா பெஞ்சின் முன்னால் போய்க் குனிந்தார். குரலை இறக்க முயன்றார், முடியவில்லை. “குட்டி, அப்பாவைப் பாரு. யாரு தள்ளினதுன்னு சொல்லு. சொல்லு!”

சிறுமி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

டீச்சர் விருட்டென்று எழுந்து குறுக்கே வந்து நின்றார். “போதும். பச்சைப் பிள்ளையை இன்னும் எவ்வளவு மிரட்டுவீங்க? மேடம், இவரு எதிர்ல அவ வாயே திறக்கமாட்டா. முதல்ல இவரை வெளிய அனுப்புங்க.”

“நீங்க வெளிய இருங்க,” என்றார் இன்ஸ்பெக்டர்.

அப்பா நிமிர்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. “நான்தான்னு முடிவே பண்ணிட்டீங்க இல்ல டீச்சர்? நல்ல இலக்கணம்!”

கதவு அறைந்து சாத்திக்கொண்டது. சுவர்க் காலண்டர் ஒருமுறை படபடத்து அடங்கியது.

“சனியன் தொலைஞ்சுது,” என்று பெருமூச்சு விட்டாள் சித்தி. சிறுமியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். “சொல்லுடா கண்ணு. அப்பாதான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. அப்புறம் நாம ரெண்டு பேரும் ஊருக்குப் போயிடலாம்.”

“நீங்க எடுத்துக் குடுக்காதீங்க. அவளே சொல்லட்டும்,” என்று அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

டீச்சர் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கோபமெல்லாம் அப்பாவோடு வெளியே போய்விட்டதுபோல அவர் குரல் இளகியிருந்தது. “பயப்படாதம்மா. அப்பா போயிட்டாரு. கதவையும் சாத்தியாச்சு. இங்க இருக்கிறவங்க எல்லாம் உன் பக்கம்தான். இப்பச் சொல்லுவியா?”

சிறுமி கதவைப் பார்த்தாள். பிறகு கழுத்தை மட்டும் முன்னால் நீட்டி, டீச்சரின் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

“சித்தியும் வெளிய போனாங்கன்னா சொல்றேன்.”