பொன்னம்மாவின் இந்தி

"நான் பேசுறது இவருக்கு ஒண்ணும் புரியலைம்மா. நான் சொல்லச் சொல்ல நீங்க கொஞ்சம் இந்தியில சொல்லிடுங்களேன்."

ஓவர்சியர் ஜம்புலிங்கம் இப்படிக் கேட்டதும் பொன்னம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உதவி செய்ய அவளுக்கு என்ன வலி? ஆனால் அவர் வெட்டச் சொல்வது வாசலில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை. அது அவள் வைத்து வளர்த்த மரம்.

போர்ட் பிளேரில் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கத் தகரக் கூரைதான். ஒரு வீட்டில் மிளகாய் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். வெயில் காலத்தில் மத்தியானம் உள்ளே உட்கார்ந்தால் அப்பளமாய்ப் பொரிய வேண்டியதுதான். கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் இந்த மரத்தடிக்குத்தான் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

குழாயில் தண்ணீர் சொட்டுகிற மாதங்களிலும் பொன்னம்மா மரத்தை வாட விட்டதில்லை. அரிசி களைந்த தண்ணீர், குளித்த தண்ணீர், எதையும் சாக்கடைக்கு விடாமல் சின்னதாக வாய்க்கால் வெட்டி மரத்தடிக்குத் திருப்பிவிட்டிருந்தாள். "அழுக்குத் தண்ணியைக்கூட விட மாட்டேங்கிறா, கஞ்சப் பிசினாறி" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த பக்கத்து வீட்டு ஜெயலட்சுமி, இப்போது தானும் ஒரு வாய்க்கால் வெட்டி வாழை போட்டிருக்கிறாள். குலையும் தள்ளியாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆபீசரின் ஜீப்புக்கு ஷெட் போடவேண்டும் என்று யாருக்கோ தோன்றிய வரைக்கும். இத்தனை பெரிய ஊரில் அதற்கு இந்த மரம் நிற்கிற இடம்தான் கண்ணில் பட்டதாம்! அவள் வீட்டுக்காரர் பாலசுப்பிரமணியம் ஆபீசில் கெஞ்சிப் பார்த்து, வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மரம் வெட்டுகிற, ராஞ்சியிலிருந்து வந்த ஆட்கள் நாளைக் காலையில் கப்பலேறி, தெற்கே இன்னொரு தீவிலிருக்கும் ஹட் பே போகிறார்கள். அங்கே காடு திருத்துகிற வேலை. போனால் மழைக்காலம் முடிந்துதான் திரும்புவார்கள். ஷெட் அதுவரை காத்திருக்காது, வேறு இடத்துக்குப் போய்விடும். ஆக, இன்றைக்குத் தப்பினால் மரம் தப்பியது.

ஜம்புலிங்கம் மெயின்லேண்டிலிருந்து டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. ஆட்களின் தலைவன் மங்ராவுக்கோ தமிழ் சுத்தமாக வராது. நடுவில் அவள் ஒருத்தி. ஏதாவது செய்தால் உண்டு, மாட்டிக்கொண்டால் வீட்டுக்காரர் வேலைக்கே உலை.

"மரத்தை அடியோட வெட்டணும்னு சொல்லுங்கம்மா" என்றார் ஓவர்சியர்.

பொன்னம்மா மங்ராவிடம் திரும்பினாள். "சாஹப் போல்தா ஹை, பேட் மத் காட்டோ."

மரத்தை வெட்டாதே என்று சாஹப் சொல்கிறார் என்பதுதான் அதற்கு அர்த்தம். கூரையில் உரசுகிற பட்ட கிளைகளை மட்டும் கழித்தால் போதும் என்றும் கூடவே சேர்த்துவிட்டாள். சொல்ல ஆரம்பித்தாயிற்று, அரையும் குறையுமாக விடுவானேன்?

ஓவர்சியர் புருவத்தைச் சுருக்கினார். "அதென்னம்மா, மத் காட்டோ?"

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஜெயலட்சுமி ஈரச் சேலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"அதுவா சார், 'மட்டும் காட்டு'ங்கிறதுதான்" என்றாள் பொன்னம்மா. "உன் கைவரிசையை இந்த மரத்துக்கிட்ட மட்டும் காட்டு, வேற எதையும் தொட்டுடாதேன்னு சொன்னேன். இந்தத் தீவு இந்தி பாதிக்குப் பாதி நம்ம தமிழ்தான் சார்."

ஜெயலட்சுமி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள்.

பரவாயில்லையே, சுலபமாகத்தான் இருக்கிறது என்று ஓவர்சியர் தலையை ஆட்டினார். இப்படியும் ஒரு அப்பாவியா என்று பொன்னம்மாவுக்குப் பாவமாகக்கூட இருந்தது. கிளை விழாத நிழல் ஓரமாக நாற்காலி போட்டு உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தாள். மனுஷர் ரசித்துக் குடித்தார். இந்த வெயிலில் இங்கே மட்டும் எப்படி இவ்வளவு பச்சை என்று கேட்டார். வாய்க்கால் கதையை அவள் சொல்ல, எழுந்துபோய் அது எங்கிருந்து வருகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அவளுக்கு ஒரு பக்கம் பெருமையாகவும் இருந்தது, ஒரு பக்கம் பக்பக்கென்றும் இருந்தது.

மங்ரா மேலே ஏறிப் பட்ட கிளைகளைக் கழித்துத் தள்ளினான். கீழே இறங்கினான். வேலை முடிந்தது. ஆனால் அவன் முகத்தில் குழப்பம். இரண்டு கிளை கழிக்கவா இத்தனை ஆட்களை வரச் சொன்னார்கள் என்று நினைத்தானோ என்னவோ, பொன்னம்மாவை விட்டுவிட்டு நேரே ஓவர்சியரிடமே போய், மரத்தைக் கையால் தொட்டுக் காட்டி, கோடாலியை ஓங்குகிற மாதிரி சைகை செய்தான்.

சைகைக்கு எந்த மொழி வேண்டும்? ஒழிந்தது மரம், ஒழிந்தது வேலை.

ஜம்புலிங்கம் இளநீரைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மரத்தை வெட்டாதே என்று அம்மாதான் தெளிவாகச் சொன்னார்களே, உனக்கென்ன காது கேட்காதா, கிளைகளை வீடுகளுக்கு விறகுக்குப் போட்டுவிட்டுக் கப்பலுக்குக் கிளம்புகிற வழியைப் பார் என்று, மங்ராவே வாய் பிளக்கும்படி மடமடவென்று இந்தியில் பொரிந்து தள்ளினார்.

"நான் பொறந்து வளர்ந்ததெல்லாம் ஜபல்பூர்மா, ஆபீஸ்ல இன்னும் யாருக்கும் தெரியாது. இதை வெட்ட எனக்கும் மனசில்லை, அதான் உங்களைப் பேசவிட்டேன்" என்றார், சிலையாக நின்றவளிடம் குரலைத் தாழ்த்தி. "பெரிய ஆபீசர் கேட்டா, இந்தி தெரியாத மடையன் வந்து காரியத்தைக் கெடுத்துட்டான்னே சொல்லுங்க."