மத்தியானச் சந்தேகம்

மணி பன்னிரண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் உணவு ஆலோசனைத் தொலைபேசி அலறியது. ஆலோசகர் மாரின் எடுத்தாள்.

"மினசோட்டாலேருந்து ஆர்வில் பேசறேம்மா, வயசு எழுபத்தொண்ணு. கிளீன் ஈட்டிங் நல்லதா, மெடிட்டரேனியன் சாப்பாடு நல்லதா?"

மாரின் மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். "முதலாவதுல பாக்கெட் அயிட்டம் எதையும் தொடக்கூடாது. ரெண்டாவதுல ஆலிவ் எண்ணெய், மீன், பயறு, ரொட்டி எல்லாம் உண்டு. முக்கியமா, நாலு பேரோட பேசிக்கிட்டே சாப்பிடணும்."

"அப்ப ரெண்டாவதே இருக்கட்டும்."

அவள் பொறுமையிழந்தாள். "சார், ஒன்பது நாளா இதே நேரம், இதே கேள்வி! பதிலை எழுதி வெச்சுக்கக் கூடாதா?"

மறுமுனையில் தட்டில் முள்கரண்டி உரசும் சத்தம் கேட்டது.

"முதல் நாளே எழுதிட்டேன். அதன்படிதான் சாப்பிடறேன். நாலு பேருக்கு எங்க போறது? நீங்க ஒருத்தர்தான் கிடைச்சீங்க. பேசுங்கம்மா, மீன் ஆறுது."