முப்பத்திரண்டாவது சக்கரம்

கேப்டன் ஒப்ரேயாவின் டயர் பஞ்சரானால் துணை வீரன் லிவியு தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். அந்த ருமேனிய சைக்கிள் அணியின் வழக்கம் அதுதான். ஒன்பது வருடங்களில் முப்பத்தொரு சக்கரங்கள் கொடுத்தாயிற்று. வெற்றிப் படங்களில் ஒன்றே ஒன்றில் லிவியு இருந்தான். அதிலும் முழங்கை மட்டும்.

1954 கோடையில், மலைச்சாலையின் உச்சியில், கேப்டனின் முன்சக்கரம் மீண்டும் காற்றை விட்டது. அதற்கப்பால் இறக்கம், வளைவு மேல் வளைவு.

“பொணம் மாதிரி நிக்காத. கழட்டுடா!”

லிவியு கழற்றினான்.

“காத்து இருக்கா?”

“கல்லு மாதிரி இருக்கு, கேப்டன்.”

அது உண்மைதான். டயரைச் சக்கரத்தின் விளிம்போடு பிடித்துவைக்கும் பசையைப் பற்றிக் கேப்டன் கேட்கவில்லை. அணியின் எல்லா டயர்களையும் ஒட்டுவது லிவியுவின் வேலை. நேற்று மாலை தன்னுடையவற்றுக்கு மட்டும் அவன் பசை தடவவில்லை. ஏற்றத்தில் வேகம் கிடையாது. வெறும் காற்றின் பிடியிலேயே டயர் இதுவரை வந்துவிட்டது.

“அடுத்த தடவ இன்னும் சீக்கிரம் குடு, நாயே.” துப்பிவிட்டுக் கேப்டன் சரிவில் பாய்ந்தான்.

மாற்று டயர் போட்டால்தான் லிவியுவும் இறங்க முடியும். சாலையோரம் உட்கார்ந்து, கேப்டன் விட்டுப்போன சக்கரத்திலிருந்து பஞ்சரான டயரை உரிக்கப் பார்த்தான். நகக்கண்ணில் ரத்தம் வந்தும் அது அசையவில்லை. கேப்டனுடையதை அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தான்.

கீழே முதல் வளைவில் பிரேக் கிறீச்சிட்டது. இரண்டாவதிலும் கிறீச்சிட்டது.

மூன்றாவதற்கு, லிவியு இழுப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான்.