முடி காணிக்கை

"சாமி வந்து என் முடிதான் வேணும்னு கேட்டுச்சா? நீயாத்தானே வேண்டிக்கின?"

பூங்குழலி சடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் நின்றாள். ஐந்தாவது படிக்கிற பிள்ளைக்கு இந்த வாய் எங்கிருந்து வந்ததோ என்று நந்தினிக்கு ஆத்திரமாக வந்தது.

"சாமி விஷயத்துல கேள்வி கேக்கக் கூடாது. கன்னத்துல போட்டுக்கோ."

குழலி ஒரு கையால் போட்டுக்கொண்டாள். இன்னொரு கை சடையிலேயே இருந்தது.

"கைக்கொழந்தையில உனக்கு மூளைக்காய்ச்சல் வந்து வேலூர் ஆஸ்பத்திரியில கெடந்தியே, அப்ப கெங்கையம்மன்கிட்ட வேண்டிக்கினது. கொழந்தை பொழைச்சா முடி தர்றேன்னு. அந்தக் கடனை இன்னும் தீர்க்கல. அதான் போன மாசம் மறுபடியும் காய்ச்சல்ல உன்னைப் போட்டுட்டா. அடுத்த வாட்டி இன்னா பண்ணுவாளோ."

சொல்லும்போதே நந்தினிக்குக் குரல் தழுதழுத்தது. அது வேஷமில்லை. மகள் காய்ச்சலில் கிடந்த வாரம் முழுக்க அவள் கை மட்டும்தான் ஷூ கம்பெனியில் வேலை செய்தது. பெற்ற வயிறு பதறத்தானே செய்யும்.

"ஸ்கூல்ல எல்லாரும் சிரிப்பாங்கம்மா" என்றாள் குழலி.

நந்தினி கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், முதுகில் இரண்டு வைத்தும் பார்த்தாள். பிள்ளை மசியவில்லை. கணவன் கோதண்டபாணி, "நீயாச்சு, உன் சாமியாச்சு" என்று ஒதுங்கிக்கொண்டான்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் நந்தினி பட்டம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பட்டம்மாள் அதே கம்பெனியில் ஷூவுக்குப் பசை தடவுகிறவள். வருஷா வருஷம் ஆடியில் ஊர்க் கோயிலில் கூழ் ஊற்றும்போது கெங்கையம்மன் அவள் மேல்தான் இறங்குவாள். மற்ற மாதங்களில் சீட்டுக்கு மல்லுக்கு நிற்கிறவர்கள்கூட ஆடி பிறந்துவிட்டால் அவளுக்கு ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்துவிடுவார்கள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை கூழ் ஊத்தும்போது கொழந்தையைக் கூட்டினு வர்றேன். மொட்டை போட்டுக்கடின்னு அம்மன் வாயால ஒரு வார்த்தை வரணும்."

"அவ்ளோதானே? வரும், விடு" என்றாள் பட்டம்மாள், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கியபடி.

அம்மனைக் கேட்காமலே அம்மன் சார்பில் வாக்குக் கொடுக்கிறாளே என்று நந்தினிக்குச் சுருக்கென்றது. ஆனால் காரியம் ஆகவேண்டியவள் அதையெல்லாம் பார்த்தால் ஆகுமா?

ஞாயிறு வரைக்கும் மகளுக்கு ஒரே பாடம்தான்.

"சாமி சொன்னா இன்னா பண்ணணும்?"

"கேக்கணும்."

"மறுபேச்சு?"

"பேசக் கூடாது."

"யாரா இருந்தாலும்?"

"யாரா இருந்தாலும்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் பம்பையும் உடுக்கையும் காதைப் பிளந்தன. மஞ்சள் புடவையில், கை நிறைய வேப்பிலையோடு பட்டம்மாள் ஆடிக்கொண்டிருந்தாள். மொட்டை போடுகிறவர் பலகையும் கத்தியும் தண்ணீருமாக மரத்தடியில் தயாராக இருந்தார். நந்தினி மகளை முன்னால் தள்ளினாள்.

பட்டம்மாள் வாயைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு குழந்தையை விட்டுவிட்டு நந்தினி பக்கம் திரும்பினாள்.

"யார் முடியைடி தர்றேன்னு சொன்ன?"

பம்பைச் சத்தம் நின்றது.

"ஆஸ்பத்திரி மாடிப்படியில ஒண்டியா உக்காந்துனு, தலையை அவுத்துப் போட்டுனு இன்னாடி சொன்ன? என் முடியை எடுத்துக்கோ, எம் பொண்ணைக் குடுன்னு சொன்னியா இல்லியா? நான் குடுத்துட்டேன். நீ உன் முடி மேல ஆசைப்பட்டு கொழந்தை முடியை நீட்டுறியே, நான் மறந்துட்டேன்னு நெனைச்சியா?"

நந்தினிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை சில்லிட்டது. அந்த மாடிப்படியில் அன்றைக்கு ஈ காக்கை இல்லை. கட்டின புருஷனிடம்கூட அவள் அதைச் சொன்னதில்லை. இடுப்புக்குக் கீழே புரளும் முடி அவளுக்கு. அதைப் பார்த்துத்தான் பெண் கேட்டே வந்தார்கள். மொட்டைத் தலையோடு கம்பெனிக்குள் நுழைய மனசு வராமல் வருஷங்களைத் தள்ளினாள். கடைசியில் வேண்டுதலையே மாற்றிச் சொல்லி மகள் தலையில் கட்டப் பார்த்தாள்.

குழலி அவள் முந்தானையை இழுத்தாள்.

"அம்மா, சாமி சொன்னா மறுபேச்சு பேசக் கூடாது இல்ல?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நந்தினி போய்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

கத்தி ஓடி முடிந்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. அன்றைக்கு யாரோ மறைந்திருந்து கேட்டிருக்கிறார்கள், பட்டம்மாள் காதில் ஓதியிருக்கிறார்கள். இல்லாவிட்டால் எப்படித் தெரியும்? சந்தனம் பூசிய தலையோடு கோயிலுக்குப் பின்னால் போனாள். பட்டம்மாள் தண்ணீர்ச் சொம்போடு சுவரில் சாய்ந்து தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் இன்னா சொல்லச் சொன்னேன், நீ இன்னாக்கா சொன்ன? யார் உனக்கு அந்த விஷயத்தைச் சொன்னது?"

பட்டம்மாள் நிமிர்ந்து பார்த்துத் திடுக்கிட்டாள்.

"ஐயோ, நீ ஏன்டி மொட்டை போட்டுக்கின?"

"விளையாடாதக்கா. நீதானே கேட்ட."

"நானா? நீ சொன்னதைக் கொழந்தைக்குச் சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அப்புறம் இன்னா நடந்துச்சுன்னே எனக்குத் தெரியாது."

பட்டம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நந்தினியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வெளியே சொல்லிடாதடி. இத்தினி வருஷமா நான் சும்மாதான் ஆடினு இருந்தேன். நெஜமா வந்தது இன்னிக்குத்தான்."